ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் ரிகர்சல் மார்க் போடுவது எப்படி?

கண்டக்டர் கையை உயர்த்தி நிறுத்துகிறார். "ஹார்ன் கொஞ்சம் பிந்துகிறது. இன்னொரு தடவை, சியிலிருந்து." அவ்வளவுதான் பேச்சு. ஐம்பது அறுபது பேர் தங்கள் தாளில் பெட்டிக்குள் இருக்கும் சி என்ற எழுத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அடுத்த மூச்சில் வாசிப்பு தொடங்கிவிடுகிறது. அந்தப் பெட்டி எழுத்துக்குத்தான் ரிகர்சல் மார்க் என்று பெயர். ஒத்திகைக் குறி என்றும் சொல்லலாம். ஸ்கோர் எழுதும் மென்பொருளின் மெனுவில் ரிகர்சல் மார்க் என்றே இருப்பதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அது இல்லாவிட்டால் "மூன்றாம் பக்கம், இரண்டாம் வரி" என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். முடியாது. கண்டக்டர் முன்னால் இருப்பது எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட ஸ்கோர். புல்லாங்குழல்காரர் முன்னால் இருப்பதோ அவருடைய வரி மட்டும் உள்ள பார்ட். ஸ்கோரில் ஐம்பதாம் பக்கத்தில் வருவது வயலின் பார்ட்டில் ஆறாம் பக்கத்திலும் டிம்பனி பார்ட்டில் இரண்டாம் பக்கத்திலும் இருக்கும். நம் கச்சேரி ஒத்திகையில் இந்தத் தொல்லை இல்லை. "அனுபல்லவியிலிருந்து எடுக்கலாம்" என்றாலோ சாகித்யத்தில் ஒரு சொல்லைச் சொன்னாலோ போதும், எல்லாருக்கும் இடம் தெரிந்துவிடும். சொல்லே இல்லாமல் அரை மணி நேரம் ஓடுகிற சிம்பொனியில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதனால் மைல்கல்லை நாமே நட வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போரை (1784–1859) சொல்வார்கள். கையில் குச்சி பிடித்து இசைக்குழுவை நடத்திய முதல் சிலரில் அவரும் ஒருவர். வயலினில் தாடையை ஊன்றிக்கொள்ளும் சின் ரெஸ்ட்டும் அவர் கொண்டுவந்ததுதான். வாசிக்கிறவர்களின் கஷ்டம் தெரிந்த ஆள்.

மார்க் யாருக்காக?

முதன்முதலில் ஸ்கோர் தயாரிக்கிறவர்கள் இதைக் கண்டக்டருக்கான வசதி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஒத்திகைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மார்க்கை எல்லாரையும்விட அதிகம் நம்பியிருப்பவர், ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு ரெஸ்ட், அதாவது வாசிக்காமல் இருக்கும் இடைவெளி, எண்ணிக்கொண்டிருப்பவர்.

அவருடைய பார்ட்டில் ஒரு தடித்த கோடும் அதன்மேல் 47 என்ற எண்ணும் மட்டும் இருக்கும். 47 பார், அதாவது குத்துக்கோடுகளால் பிரித்த 47 தாளக் கட்டம், சும்மா இருக்க வேண்டும் என்று பொருள். அவர் மனதுக்குள் "ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு" என்று, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பாரின் எண்ணைச் சொல்லியபடி போவார். நடுவில் தும்மல் வந்தால் போச்சு. முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா? அதே 47 பார் நடுவில் இரண்டு மார்க்குகளால் 19, 16, 12 என்று உடைந்திருந்தால் கதையே வேறு. எண்ணிக்கை தவறினாலும், ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பெரிய மாற்றம் காதில் விழும்போது "சரி, இது டி" என்று பிடித்துக்கொண்டு புதிதாக எண்ணத் தொடங்கலாம்.

கீழே வரும் எல்லாப் படிகளிலும் அந்த ட்ரம்பெட்காரரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மார்க் போடுவது என்ற சந்தேகம் வந்தால் அவர் காதால் யோசித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மென்பொருள் என்று வரும்போது ம்யூஸ்ஸ்கோரை எடுத்துக்கொள்கிறேன். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். சிபெலியஸ், டோரிகோ வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் இருக்கின்றன.

முதல் படி: பார்களை முடித்துக்கொள்ளுங்கள்

பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே மார்க் போடத் தொடங்காதீர்கள். எத்தனை பார், எங்கே திரும்ப வாசிப்பது, எங்கே முடிவு என்பதெல்லாம் உறுதியான பிறகு ஒரே உட்காரலில் போட்டு முடிப்பது நல்லது. எழுதும்போது உங்களுக்கே வழி தெரிய வேண்டுமென்றால் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக யோசிப்பதுதான் சரி. எழுதுகிறவருக்கு முக்கியமாகப் படும் இடமும் வாசிக்கிறவருக்குத் தேவைப்படும் இடமும் பல தடவை ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டாம் படி: எங்கே போடுவது

மென்பொருளில் ஒரு மார்க் போட இரண்டு நொடிதான். அது எந்தப் பாரில் வர வேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் காதில் இருக்கும் பாட்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம்: பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, முதல் பகுதி. 1808-இல் வியன்னாவில் அரங்கேறியது, காப்புரிமைத் தொல்லை இல்லை. பயிற்சிக்கு நீங்களே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

இந்தப் பகுதியில் 502 பார்கள். தாளம் 2/4. பீத்தோவன் கொடுத்த வேகம் நிமிஷத்துக்கு 108 மினிம் (இங்கே இரண்டு தட்டு நீளமுள்ள சுரம்). ஒரு பாருக்கு ஒரு மினிம் என்பதால், நிமிஷத்துக்கு 108 பார் ஓடிவிடுகிறது. அதாவது 25 பார் என்பது வெறும் 14 நொடி. இங்கே 20 முதல் 30 பாருக்கு ஒரு மார்க் என்பது தாராளம். அதே சமயம், நிமிஷத்துக்கு 60 தட்டு வேகத்தில் 4/4 தாளத்தில் போகும் ஒரு மெதுவான பகுதியில் 25 பார் என்றால் 100 நொடி. அங்கே எட்டு, பத்து பாருக்கு ஒன்று தேவைப்படும். "இத்தனை பாருக்கு ஒரு மார்க்" என்று இணையத்தில் யாராவது ஒரே எண்ணாகச் சொன்னால் நம்ப வேண்டாம். பாரை எண்ணாதீர்கள், நேரத்தை எண்ணுங்கள்.

சரி, பீத்தோவனுக்கு வருவோம். முதல் பாருக்கு மார்க் வேண்டியதில்லை. "தொடக்கத்திலிருந்து" என்றால் யாருக்கும் குழப்பம் வராது. முதல் எழுத்து 25-ஆவது பாரில் வரலாம். 21-இல் முதல் வயலின்கள் மட்டும் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து நிற்கின்றன. 22 முதல் 24 வரை அந்தப் புகழ்பெற்ற நான்கு சுரம் முழுப் பலத்தோடு விழுந்து மறுபடி நிற்கிறது. 25-இல் தந்தி வாத்தியங்கள் மெல்ல மீண்டும் தொடங்குகின்றன. இப்படி நின்று தொடங்கும் இடங்களில்தான் ஒத்திகை அடிக்கடி நின்று நின்று போகும். அங்கே எழுத்து இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து 59. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அடங்கி, ஹார்ன்கள் மட்டும் தனியாக ஒரு அழைப்பு விடுக்கின்றன. 63-இல் இரண்டாவது கருப்பொருளான மென்மையான மெட்டு வயலினில் வருகிறது. பாட்டின் இலக்கணப்படி புதிய பிரிவு 63 என்று சொல்லி அங்கே போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் 59-தான். நம் ட்ரம்பெட்காரருக்குக் காதில் பளிச்சென்று விழுவது ஹார்ன் அழைப்பு. கண்டக்டரும் அந்த மெட்டை மறுபடி எடுக்க விரும்பினால் ஹார்னோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் எடுப்பார். இரண்டு இடத்திலும் போடலாமே என்றால், நான்கு பார் இடைவெளியில் இரண்டு பெட்டி எழுத்து இருந்தால் இரண்டுமே மதிப்பிழந்துவிடும்.

94-இல் முழுக்குழுவும் பலத்தோடு வருமிடம் அடுத்தது. அதன்பின் 125. இங்கே கொஞ்சம் நிற்போம். 1 முதல் 124 வரை திரும்ப வாசிக்க வேண்டும் என்று திரும்பற்குறி இருக்கிறது. திரும்பற்குறி முடிந்த மறு பாருக்கு எப்போதும் ஒரு மார்க் கொடுங்கள். "இரண்டாம் தடவை முடித்து அப்புறம் வரும் இடம்" என்று கண்டக்டர் நீட்டி முழக்க வேண்டியதில்லை, "டியிலிருந்து" என்றால் தீர்ந்தது.

125-இலிருந்து 247 வரை பழைய கருப்பொருளைப் பிரித்து மேயும் பகுதி. இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் பெரிய கதவு திறக்கும் இடம் என்று எதுவும் உடனே கண்ணில் படாது. 196-ஐ ஒட்டிக் காற்று வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் மாறி மாறி இரண்டிரண்டு சுரமாகப் பேசிக்கொள்ளத் தொடங்குகின்றன. பிறகு அது ஒவ்வொரு சுரமாகச் சுருங்கி, மெலிந்துகொண்டே போகிறது. 228-இல் திடீரென்று நான்கு சுரம் இடியாக விழுகிறது. நடுவில் உள்ள முப்பது பாரும் ஏறத்தாழ ஒரே மாதிரி. யாராக இருந்தாலும் அங்கே எண்ணிக்கையைத் தொலைத்துவிடலாம். ஆகவே 196-க்கு ஒன்று, 228-க்கு ஒன்று. மாற்றம் இருக்கும் இடம் மட்டுமல்ல, தொலைந்துபோகச் சாத்தியம் உள்ள இடத்தின் இரு கரைகளும் மார்க்குக்கு உரியவை.

248-இல் தொடக்கக் கருப்பொருள் திரும்ப வருகிறது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 268 ஒரு வினோதமான பார். எல்லாரும் நிற்க, ஓபோ மட்டும் தாளம் விட்டு மெதுவாக ஒரு சின்ன ஆலாபனை போல வாசிக்கிறது. மார்க்கை 268-இல் போடுவதா, 269-இலா? ஓபோ வாசிப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தேவைப்படுவது 269, அங்கேதான் தாளம் திரும்புகிறது. "எச் மார்க்கிலிருந்து, ஓபோ இல்லாமல்" என்று சொல்லவும் வசதி. பிறகு 303-இல், முன்பு ஹார்ன் விடுத்த அழைப்பை இந்தத் தடவை பஸூன்கள் விடுக்கின்றன. 374-இல் முடிவுப் பகுதி தொடங்குகிறது. மீதி இடங்களை நீங்களே கேட்டுக் கண்டுபிடியுங்கள், அதுதான் பயிற்சி. மொத்தத்தில் இருபது எழுத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்த நான்கு சுரம் உண்மையில் ஒரு சின்ன ரெஸ்ட்டில் தொடங்குகிறது. மார்க் அந்த ரெஸ்ட்டின் மேல், பாரின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், முதல் சுரத்தின் மேல் அல்ல. ஒரு மெட்டு முந்தைய பாரின் கடைசித் தட்டிலேயே தொடங்கிவிட்டால்கூட மார்க்கை அங்கே இழுத்துப் போகாதீர்கள். பார்க்கோட்டின் மேலேயே வையுங்கள். "ஜி, முன்தட்டோடு" என்று கண்டக்டர் சொல்லிக்கொள்வார். பாரின் நடுவில் நிற்கும் ரிகர்சல் மார்க் ஒத்திகையில் சண்டைதான் மூட்டும்.

மூன்றாம் படி: எழுத்தா, எண்ணா?

என் விருப்பம் எழுத்து. கூடவே ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண். இரண்டும் வேறு வேறு வகையாக இருப்பதால் ஒன்றை இன்னொன்றாகக் கேட்டுவிட முடியாது. "நாற்பத்திரண்டு" என்றால் பார் எண், "எச்" என்றால் மார்க். மார்க்கும் எண், பாருக்கும் எண் என்றால் "நாற்பத்திரண்டிலிருந்து" என்றதும் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் இன்னொரு பக்கம் போவார்கள். இசைக்குழு நூலகர்களின் மோலா என்ற அமைப்பு ஸ்கோர் தயாரிப்பவர்களுக்குத் தரும் வழிகாட்டலும் மார்க்கையும் பார் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பதையே விரும்புகிறது.

எண்ணுக்கும் இடம் உண்டு. மிக நீண்ட படைப்புகளில் எழுத்து தீர்ந்துபோகும். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' ஸ்கோரில் மார்க்குகள் எண்களாக 201 வரை போகின்றன. அதை எழுத்தில் நினைத்துப் பாருங்கள். திரைப்படப் பின்னணி இசைப் பதிவில் ஒவ்வொரு பாருக்கும் எண் அச்சிட்டுவிடுவதால் பார் எண்ணைச் சொல்லியே வேலை நடத்துவார்கள். ஒத்திகையே பார்க்காமல் நேரடியாகப் பதிவு செய்யும் இடத்துக்கு அது பொருந்துகிறது.

எழுத்து என்று முடிவு செய்தால் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆங்கில ஐ ஒன்று போலவும் ஓ பூஜ்ஜியம் போலவும் தெரியும். மங்கலான விளக்கில், ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் இருக்கும் தாளில் இது உண்மையான தொல்லை. மீதி 24 எழுத்து. இசட்டுக்கு மேல் போனால் ஏஏ, பிபி. நாலு பகுதி உள்ள சிம்பொனியில் ஒவ்வொரு பகுதியையும் மறுபடி ஏயிலிருந்து தொடங்கலாம்.

பி, சி, டி, ஈ, ஜி, பி என்று ஆங்கில எழுத்துகளில் பல ஏறத்தாழ ஒரே ஓசை. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. "பீத்தோவன் பி" என்று கண்டக்டர்கள் கத்திக்கொள்வார்கள்.

நான்காம் படி: ம்யூஸ்ஸ்கோரில் போடுவது

மேல் வரியில், அதாவது புல்லாங்குழல் வரியில், நீங்கள் தேர்ந்தெடுத்த பாரின் முதல் சுரத்தையோ ரெஸ்ட்டையோ கிளிக் செய்யுங்கள். கன்ட்ரோல் விசையோடு எம் அழுத்துங்கள். மேக் கணினியில் கமாண்ட் விசையோடு எம். பெட்டிக்குள் எழுத்து வந்துவிடும். அடுத்த இடத்துக்குப் போய் மறுபடி அதையே செய்தால் அடுத்த எழுத்து தானாக வரும். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இங்கே இருக்கிறது. கன்ட்ரோல் டி (T) அழுத்தி வரும் ஸ்டாஃப் டெக்ஸ்ட்டில் ஏ என்று எழுதி, அதற்குப் பெட்டி போட்டு, தடிமனாக்கிவிடுவார்கள். ஸ்கோரில் பார்க்க அச்சு அசல் மார்க் மாதிரியே இருக்கும். ஆனால் ஸ்டாஃப் டெக்ஸ்ட் அந்த ஒரு வாத்தியத்துக்கு மட்டும் சொந்தம். புல்லாங்குழல் பார்ட்டில் எல்லா எழுத்தும் இருக்கும், மற்றவர்கள் பார்ட்டில் ஒன்றுகூட இருக்காது. ஒத்திகை அன்று காலையில்தான் இது தெரியவரும். ரிகர்சல் மார்க் என்ற வகையில் போட்டால் மட்டுமே அது எல்லா பார்ட்டுக்கும் போய்ச் சேரும், நீண்ட ரெஸ்ட்டும் அந்த இடத்தில் தானாக உடையும்.

எழுத்து வரிசை. பாதி வேலை முடிந்த பிறகு பிக்கும் சிக்கும் நடுவில் ஒன்று தேவை என்று தோன்றும். செருகிவிடுங்கள். பின்னால் உள்ள எழுத்துகள் தாமாக மாறாது, கவலை வேண்டாம். எல்லாம் போட்டு முடித்ததும் டூல்ஸ் மெனுவில் ரீசீக்வன்ஸ் ரிகர்சல் மார்க்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் முதல் மார்க்கை அடிப்படையாக வைத்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிடும். முதல் மார்க் எழுத்தாக இருந்தால் எழுத்து வரிசை, எண்ணாக இருந்தால் எண் வரிசை. முதல் மார்க்கில் அந்தப் பாரின் எண்ணையே எழுதியிருந்தால் மற்ற மார்க்குகளும் அந்தந்தப் பாரின் எண்ணாக மாறிவிடும்.

ஐ, ஓ இரண்டையும் தவிர்க்கும் பழக்கம் அந்தக் கட்டளைக்குத் தெரியாது. எச்சுக்கு அடுத்து ஐ என்றே போடும். ஒரு சின்ன வழி இருக்கிறது. முதலில் மொத்தமாக வரிசைப்படுத்துங்கள். பிறகு ஐ என்பதை இரட்டைக் கிளிக் செய்து ஜே என்று மாற்றுங்கள். அந்தப் பாரிலிருந்து கடைசிப் பார் வரை தேர்வு செய்து, மறுபடி அதே கட்டளை. ஜேயிலிருந்து தொடர்ந்து வரும். ஓ வந்த இடத்திலும் இதையே செய்து பியாக மாற்றுங்கள். லிலிபாண்ட் என்ற இன்னொரு இலவச மென்பொருள் ஐயைத் தானாகவே விட்டுவிடும். ம்யூஸ்ஸ்கோரும் என்றாவது கற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

கன்ட்ரோல் எஃப் அழுத்தி எழுத்தைத் தட்டினால் நேராக அந்த மார்க்குக்குப் போய்விடலாம். பெரிய ஸ்கோரில் இது எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தும் என்பது பழகினால் தெரியும்.

ஐந்தாம் படி: ஸ்கோரின் தோற்றம்

ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் மார்க் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தின் உச்சியில் ஒன்று, நடுவில் முதல் வயலின் வரிக்கு மேல் இன்னொன்று என இரண்டு இடத்தில் வைப்பது வழக்கம். இருபது வரி உள்ள பக்கத்தில் தந்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்டக்டரின் கண் ஒவ்வொரு தடவையும் உச்சிக்கு ஏறி இறங்கக் கூடாது. ம்யூஸ்ஸ்கோரின் புதிய பதிப்புகளில் இடப்பக்கத்தில் வாத்தியங்கள் பட்டியலிடப்பட்டிருக்கும் பகுதியில், முதல் வயலினைத் தேர்வு செய்து, சிஸ்டம் மார்க்கிங்ஸ் என்பதைச் சேர்த்தால் மார்க்கும் வேகக் குறிப்பும் அங்கேயும் தோன்றும். நகலெடுத்து ஒட்டுகிற வேலை இல்லை.

எழுத்தின் அளவு, பெட்டி, தடிமன் எல்லாம் ஃபார்மேட் மெனுவில் ஸ்டைல், அதனுள் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ், அதனுள் ரிகர்சல் மார்க். ஒவ்வொரு மார்க்காக மாற்றாதீர்கள், இங்கே ஒரு தடவை மாற்றினால் எல்லாம் மாறும். தாளில் மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக, தடிமனாக, பெட்டியோடு இருக்க வேண்டும். அழகான சாய்வெழுத்து வேண்டாம். வேகக் குறிப்பும் மார்க்கும் ஒரே பாரில் வந்தால் மார்க் இடப்பக்கம் பார்க்கோட்டின் மேல், வேகக் குறிப்பு அதற்கு வலப்பக்கம்.

மார்க் உள்ள ஒவ்வொரு இடத்திலும் இரட்டைப் பார்க்கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு உதவும்தான். ஆனால் எல்லா இடத்திலும் போட்டால் உண்மையிலேயே பிரிவு மாறும் இடம் தனித்துத் தெரியாது. தாளமோ சுருதியோ மாறும் இடத்துக்கு மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

ஆறாம் படி: பார்ட்களைத் திறந்து பாருங்கள்

ஸ்கோர் அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்து மூடிவிடாதீர்கள். மேலே உள்ள பார்ட்ஸ் பொத்தானை அழுத்தி எல்லா பார்ட்டையும் திறங்கள். முதலில் பார்க்க வேண்டியது முதல் வயலின் அல்ல. அதிகம் வாசிக்கிறவருக்கு மார்க் எப்படியிருந்தாலும் வழி தெரிந்துவிடும். ட்ரம்பெட், டிம்பனி, பிக்கலோ போன்ற, நீண்ட நேரம் சும்மா இருக்கிறவர்களின் பார்ட்களிலிருந்து தொடங்குங்கள்.

நீண்ட ரெஸ்ட்கள் ஒரே தடித்த கோடாகச் சுருங்கியிருக்கின்றனவா? இல்லையென்றால் எம் விசையை மட்டும் அழுத்துங்கள். சுருங்கிய ரெஸ்ட்கள் மார்க் உள்ள இடத்தில் உடைந்திருக்கின்றனவா? ஏதாவது ஒரு கோட்டின் மேல் 60, 70 என்ற எண் நிற்கிறதா? நின்றால் அங்கே ஒரு மார்க் குறைகிறது. மறுபக்கம், 4, 3, 5, 4 என்று துண்டு துண்டாக உடைந்திருந்தால் மார்க் அதிகமாகிவிட்டது. ஒரு பார்ட்டில் மட்டும் மார்க்கைச் சேர்க்கவோ நீக்கவோ ஒருபோதும் முயலாதீர்கள். ஸ்கோரில்தான் திருத்த வேண்டும், எல்லாருக்கும் ஒன்றாக.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ட்ராம்போன்கள் முதல் மூன்று பகுதிகளிலும் வாயே திறப்பதில்லை, நான்காம் பகுதியில்தான் வருகின்றன. மூன்றாம் பகுதியோ நிற்காமல் நேராக நான்காம் பகுதிக்குள் பாய்கிறது. ஆகவே ட்ராம்போன் பார்ட்டில் "மூன்றாம் பகுதி: மௌனம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், தங்கள் முதல் சுரத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. இது போன்ற இடத்தில் கடைசி இரண்டு மார்க்கையாவது அந்த பார்ட்டில் காட்டி, முதல் வயலின் வாசிப்பதைச் சிறிய சுரங்களாக வழிகாட்டலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: அச்சான பிறகு கை வைக்காதீர்கள்

இதை என் தவற்றிலிருந்து சொல்கிறேன். ஒரு இளைஞர் இசைக்குழுவுக்கு பார்ட் தயாரித்தபோது, காற்று வாத்தியக்காரர்களுக்கு ஒரு வாரம் முன்பே அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு சிக்கும் டிக்கும் நடுவில் ஒரு மார்க் தேவை என்று தோன்றியது. செருகினேன், வழக்கம்போல் ரீசீக்வன்ஸ் கொடுத்தேன், தந்திகளுக்கு அச்சிட்டேன். ஒத்திகையில் கண்டக்டர் "ஈயிலிருந்து" என்றார். தந்திகள் ஒரு இடத்தில், காற்று வாத்தியங்கள் அதற்கு 22 பார் தள்ளி. முதல் சில நொடி யாருக்கும் தெரியவில்லை. நவீன இசை என்று நினைத்திருப்பார்கள். மீதி இருபது நிமிஷமும் பென்சிலால் எழுத்துத் திருத்துவதில் போயிற்று.

ஆகவே ஒரே ஒரு பார்ட் உங்கள் கையை விட்டுப் போனாலும் எழுத்து வரிசை பூட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய மார்க் வேண்டுமென்றால் சி1 என்று கையால் எழுதுங்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் பழைய தாள் வைத்திருப்பவருக்கும் எதுவும் மாறாது. எழுத்து மார்க்கின் இன்னொரு பலமும் இங்கே தெரியும்: கடைசி நேரத்தில் இரண்டு பார் சேர்த்தால் பார் எண்கள் எல்லாம் தள்ளிப்போகும், எழுத்துகள் தங்கள் இடத்திலேயே இருக்கும்.

பழைய படைப்புக்குப் புதிய பார்ட் செய்கிறீர்கள் என்றால் இதே எச்சரிக்கை வேறு வடிவில் வரும். கண்டக்டர் எந்தப் பதிப்பு ஸ்கோரை வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதில் ஏற்கெனவே எழுத்துகள் இருக்கும். உங்கள் தேர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, அவருடைய எழுத்துகளையே அப்படியே பின்பற்றுங்கள். கோரஸ் பாடகர்கள் இருந்தால் அவர்கள் கையில் உள்ள பியானோ-குரல் ஸ்கோரையும் வாங்கிப் பாருங்கள்.

மற்ற மென்பொருள்கள்

சிபெலியஸில் கன்ட்ரோல் ஆர், டோரிகோவில் ஷிஃப்ட் ஏ. இரண்டிலும் மார்க் செருகினாலோ அழித்தாலோ பின்னால் உள்ள எழுத்துகள் உடனே தாமாக மாறிவிடும். தயாரிக்கும்போது இது சுகம், அச்சான பிறகு இதுவே ஆபத்து. அச்சுக்கு அனுப்பிய கோப்பின் ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் எதையும் தொடுங்கள். தந்திகளுக்கு மேல் இரண்டாவது தடவை காட்டும் வசதி இரண்டிலும் உண்டு. சிபெலியஸில் சிஸ்டம் ஆப்ஜெக்ட் பொசிஷன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது, டோரிகோவில் லேஅவுட் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. ஃபினாலேயில் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள், ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி. டிம்பனி பார்ட்டை மட்டும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கணினித் திரையை அணைத்துவிட்டு, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவைப் போடுங்கள். புதிய படைப்பு என்றால் மென்பொருளே வாசிக்கட்டும். விரலை ரெஸ்ட்டின் மேல் வைத்து எண்ணிக்கொண்டே போங்கள். நடுவில் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்து எண்ணிக்கையைத் தொலையுங்கள். அடுத்த எழுத்து வருவதைக் காதால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத எழுத்தின்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, மறுபடி ஸ்கோரைத் திறங்கள்.